பிரெஞ்சு வினையும் தமிழ்ச் செவியும்

பிரெஞ்சு மொழி கற்கப் புகும் தமிழ் மாணவரிடையே வழங்கிவரும் கூற்றொன்றுண்டு. பிரெஞ்சில் எழுதுவது ஒன்று, ஒலிப்பது வேறொன்று. தமிழிலோ எழுதியவாறே ஒலிப்பதும் ஒலித்தவாறே எழுதுவதும் இயல்பு. ஆதலின் பிரெஞ்சு வினை வடிவங்களைக் கற்பதற்குத் தமிழறிவு எவ்வாற்றானும் உதவாது. ஆங்கிலத்தை ஏணியாகக் கொண்டு ஏறுவதும், ஏற முடியாதவிடத்து நெட்டுருப் பண்ணுவதுமே வழி என்பதே அக்கூற்று. மாணவர் சொல்வதோடு இது நின்றிருப்பின் பொருட்படுத்த வேண்டியதில்லை. கற்பிப்போரும் இதனையே வழிமொழிகின்றனர். பிரெஞ்சு பற்றிய அதன் பகுதி அரை உண்மை; தமிழ் பற்றிய பகுதி முழுப் பிழை; இரண்டையும் இணைத்துப் பெறும் முடிபோ தமிழ்வழிக் கல்வி பெற்ற மாணவனுக்கு இழைக்கப்படும் அநீதி.

இவ்வழக்கு வகுப்பறைக்குள் மட்டும் அடங்குவதன்று. 1980களில் தொடங்கிய போர்க்காலப் புலப்பெயர்வின் விளைவாக, மன்னார்க் கரையோர ஊர்கள் உட்பட வடபுலத்தின் பல ஊர்களைச் சேர்ந்தோர்க்கு இன்று பிரான்சில் உற்றார் உறவினர் உளர். அங்கு சென்று சேர்பவன் தன் வரலாற்றை அலுவலர் முன்னே சொல்ல வேண்டியவனாகிறான். ‘அவன் வந்தான்’ என்பதா, ‘அவர்கள் வந்தார்கள்’ என்பதா, ‘பேசினேன்’ என்பதா, ‘பேசிக்கொண்டிருந்தேன்’ என்பதா என்பன அவ்விடத்திற் சிறு வேறுபாடுகள் ஆகா. பிரெஞ்சிலோ இவ்வேறுபாடுகள் சில வேளைகளில் ஓர் உயிரொலியின் வாய்திறப்பிலும், சில வேளைகளில் இரு சொற்களுக்கிடையே தோன்றும் ஒரு மெய்யொலியிலும் மட்டுமே தங்கியுள்ளன. எழுத்தை நெட்டுருப் பண்ணியவன் இவ்வொலிகளைக் கேளான். கேளாதவன் சொல்லவும் மாட்டான்.

பிரெஞ்சு வினையின் இயல்பை முதற்கண் நோக்குவோர்க்கு இது விளங்கும். பேசுதல் என்னும் பொருளுடைய ‘பார்லே’ என்னும் வினையை எடுத்துக்கொள்ளலாம். நிகழ்காலத்தில் அதற்கு ஆறு இடங்களுக்குரிய வடிவங்கள் உள்ளன. தன்மை ஒருமை, முன்னிலை ஒருமை, படர்க்கை ஒருமை, படர்க்கைப் பன்மை என்னும் நான்கிடத்தும் ஒலி ஒன்றே: ‘பார்ல்’. எழுத்தில் மட்டும் ஈறுகள் மூவகைப்படும். ஓரிடத்து ஓர் உயிரெழுத்து மாத்திரம் நிற்கும். ஓரிடத்து அதனோடு சகரம் சேரும். ஓரிடத்து அதனோடு னகரமும் தகரமும் சேரும். செவிக்கு இவை மூன்றும் இல்லாதனவே. தன்மைப் பன்மையில் மூக்கொலி பெற்ற ஓர் உயிரும், முன்னிலைப் பன்மையில் ‘பார்லே’ என்பதும் மட்டுமே வேறாக ஒலிப்பன. இனி, ‘பார்லே’ என்னும் இதே ஒலியே வினைப்பெயராகவும், முன்னிலைப் பன்மை நிகழ்காலமாகவும், இறந்தகால எச்சமாகவும் வழங்குகின்றது. எழுத்தில் மூன்றும் மூன்று.

எழுத்தின்படி அசை பிரிப்போர் இவ்விடத்தில் மயங்குவர். அச்சில் வரியிறுதியிற் சொல்லை உடைக்கும் விதிப்படி, படர்க்கைப் பன்மை வடிவம் இரண்டு துண்டாகும். வாயில் அது ஒரே அசை. கண்ணுக்கு இரண்டாகவும் செவிக்கு ஒன்றாகவும் நிற்கும் இவ்வடிவத்தை ஆங்கிலப் பழக்கத்தோடு அணுகும் மாணவன், ஈற்றெழுத்துகளை எல்லாம் ஒலித்து, ‘பார்லென்ற்’ என்று ஒரு புதுச்சொல்லைப் படைத்துவிடுகிறான். அவ்வீற்றெழுத்துகளை ஒலிக்குமாறு அவனுக்குக் கற்பித்தது பிரெஞ்சன்று. ஏணியாக வைக்கப்பட்ட ஆங்கிலமே.

இதுவே பிரெஞ்சின் ‘வஞ்சகம்’ எனப்படுகிறது. அவ்வாறாயின், தமிழ் எழுதியவாறே ஒலிக்கும் மொழி என்னும் பெருமையை ஆராய்தல் வேண்டும். இதற்கு மன்னார்க் கரையினும் சிறந்த சான்றிடம் வேறில்லை. போர்த்துக்கல் நாட்டில் 1520 இற் பிறந்து, 1546 இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறைக் கரையிலே தமிழ் கற்ற அன்றீக்கு அடிகள், 1560 இற் போர்த்துக்கேயர் மன்னார்த் தீவைக் கைப்பற்றிய பின்னர் அத்தீவிலும் பணியாற்றினார். இலத்தீன் இலக்கணத்தின் அச்சிலே தமிழ் வினைகளை வார்த்து ஓர் இலக்கணம் எழுதியவரும், 1578 இற் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலைத் தந்தவரும் அவரே. அந்நூலின் எழுத்திற் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. ஏட்டுச் சுவடி எழுதியோரின் வழக்கும் அதுவே. அவ்வெழுத்திற் ‘கெட்டான்’ என்பதும் ‘கேட்டான்’ என்பதும் ஒன்று. ‘ஒட்டினான்’ என்பதும் ‘ஓட்டினான்’ என்பதும் ஒன்று. ஒருவன் அழிந்தானா, வினவினானா என்பதை எழுத்துச் சொல்லாது. வினையை முன்னரே அறிந்த செவி சொல்லும்.

குறிலுக்கும் நெடிலுக்கும் வெவ்வேறு வடிவம் தந்து இக்குறையை நீக்கும் முயற்சி, 18 ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரோடு தொடர்புடையது. அதாவது, எழுதியவாறே ஒலிக்கும் மொழி எனப் பெருமை கொள்வோர், ஏறத்தாழ முந்நூறு ஆண்டு வயதுடைய ஒரு திருத்தத்தை மொழியின் தொன்மையான இயல்பெனக் கொண்டு பேசுகின்றனர். பிரெஞ்சில் ஒலி ஒன்றாகி எழுத்து பலவாயிற்று. பழந்தமிழ் ஏட்டில் எழுத்து ஒன்றாகி ஒலி இரண்டாயிற்று. இரண்டிடத்தும் வினையை அறிவிப்பது எழுத்தைக் கடந்த இலக்கண அறிவே.

இன்றைய எழுத்துங்கூடக் குறையற்றதன்று. ‘படிக்கிறான்’ என்பதிலுள்ள ககரமும், ‘தங்கினான்’ என்பதிலுள்ள ககரமும், ‘போகிறான்’ என்பதிலுள்ள ககரமும் எழுத்தால் ஒன்று, ஒலியால் மூன்று. அன்றியும், ‘போகிறேன்’ என்று எழுதுபவன் ஈழத்துப் பேச்சிற் ‘போறன்’ என்கிறான். மூன்று உயிரொலி கொண்ட சொல் இரண்டாகச் சுருங்கிவிடுகிறது. ‘வருகிறார்கள்’ என்று எழுதுபவன் ‘வருகினம்’ என்கிறான், ஈறே மாறிவிடுகிறது. தன் மொழியில் இத்தனையும் இயல்பெனக் கொள்பவன், பிரெஞ்சுக்காரன் மூன்று எழுத்தை ஒலியாது விட்டான் என்று குறைகூறுவது வியப்பிற்குரியது. பேச்சு முன்னே செல்லும். எழுத்து பின்தங்கி நிற்கும். இது மொழிகள் யாவற்றுக்கும் பொது.

இனித் தமிழறிவு உதவாது என்னும் முடிபை நோக்கலாம். உதவுவது தமிழ் எழுத்து என்று எவரும் வாதிடவேண்டியதில்லை. பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி விற்கப்படும் கைந்நூல்கள் மாணவனுக்குத் தீங்கே செய்கின்றன. உதவுவது தமிழ் இலக்கணம். சிறப்பாக அசையும் புணர்ச்சியும். இதனைச் சில வினைகளைக் கொண்டே நிறுவலாம்.

‘இல்’ என்பது பிரெஞ்சில் ‘அவன்’. ‘அரீவ்’ என்பது ‘வந்து சேர்கிறான்’ என்னும் பொருளது. இரண்டும் சேர்ந்தவிடத்து, ‘இல்-அரீவ்’ என ஒலிப்பதில்லை. ‘இ-ல-ரீவ்’ என்றே அசை பிரியும். முன்னைச் சொல்லின் ஈற்று மெய், பின்னைச் சொல்லின் முதலுயிரோடு கூடிப் புதிய அசைக்கு முதலாகிறது. இதனை ஆங்கிலத்தின் வழி விளக்கப் புகுவோர் பக்கக்கணக்கில் எழுதுவர். மெய்யீற்றின்மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பு என்று படித்த தமிழ் மாணவனுக்கோ ஒரு வரி போதும். ‘அவள்’ என்பதும் ‘எழுதினாள்’ என்பதும் சேர்ந்து ‘அவளெழுதினாள்’ ஆகும்போது, ‘அ-வ-ளெ-ழு-தி-னாள்’ என்று பிரிவதை அவன் அறிவான். அதே விதியே இது.

பன்மையில் ‘அவர்கள்’ என்பதற்கும் ஒலி ‘இல்’ என்பதே, எழுத்தில் ஒரு சகரம் மிகும், அது ஒலியாது. ஆகவே, ‘அவன் பேசுகிறான்’ என்பதும் ‘அவர்கள் பேசுகிறார்கள்’ என்பதும் செவிக்கு ஒன்றே: ‘இல் பார்ல்’. ஆனால், வருமொழி உயிரெழுத்தில் தொடங்குமாயின் மறைந்திருந்த அச்சகரம் அதிர்வு பெற்ற ‘ஸ்’ ஒலியாக வெளிப்படும்: ‘இல்-ஸ-ரீவ்’. அவ்வொரு மெய்யே பன்மையைக் காட்டும் ஒரே அடையாளம். எனவே, பன்மை சொல்லின் உள்ளே இல்லை. இரு சொற்கள் புணருமிடத்தில் உள்ளது. புணர்ச்சி என்றொரு பெரும்பகுதியைத் தன் இலக்கணத்தில் வகுத்து வைத்திருக்கும் மொழியினன் இதனைக் கேட்டு மிரள்வது ஏன்? புணர்ச்சி என்னும் பெயரை எவரும் அவனுக்கு அவ்விடத்திற் சொல்லாமையே காரணம்.

இதனோடு ஒப்ப நோக்கற்பாலது வினாவில் வரும் தகரம். ‘இல் ஆ’ என்றால் ‘அவன் உடையன்’. வினாவாக வினையை முன்னே வைத்தால் ‘ஆ’, ‘இல்’ என்னும் இரண்டு உயிர்களும் எதிர்ப்படும். அவ்விடத்து ஒரு தகரம் தோன்றி ‘ஆ-தில்’ என்றாகும். ‘வா’ என்பதும் ‘என்றான்’ என்பதும் சேரும்போது வகரம் தோன்றி ‘வாவென்றான்’ ஆவதைப் படித்தவனுக்கு, இதன் வரலாறு வேறாயினும், செயல் உடம்படுமெய்யின் செயலே என்பது எளிதில் விளங்கும்.

இனி, பிரெஞ்சின் ஈற்றில் நலிந்து ஒலிக்கும் உயிரொன்றுண்டு. ‘நான்’ என்னும் பொருளுடைய ‘ஜெ’ என்பதன் உயிர் அத்தகையது. அது வருமொழி முதலில் உயிர் வரின் கெடும்: ‘ஜெ’ முன் ‘அரீவ்’ வந்து ‘ஜ-ரீவ்’ என இரண்டசையாகும். குற்றியலுகரம் அறிந்தவனுக்கு இதிற் புதுமை யாது? ‘வந்து’ என்பதன் முன் ‘இருந்தான்’ வர, உகரம் கெட்டு ‘வந்திருந்தான்’ ஆகின்றது. ஐந்து உயிரொலி நான்காகிறது. ஒற்றுமை இன்னும் ஆழமானது. பிரெஞ்சுச் செய்யுளில் இந்நலிந்த உயிர், மெய் முன்னே வரின் அசையாக எண்ணப்படும். உயிர் முன்னே வரினும் அடியிறுதியில் நிற்பினும் எண்ணப்படாது. தொல்காப்பியர் குற்றியலுகரம் ஈறாக வரும் அசைகளுக்கு நேர்பு, நிரைபு எனத் தனிப்பெயர் தந்து நிறுத்தினார். முழு உயிருமன்று, இல்லாததுமன்று என்னும் ஓர் ஒலியை எவ்வாறு எண்ணுவது என்னும் வினாவை இருமொழிப் புலவரும் எதிர்கொண்டிருக்கின்றனர்.

வினையீறு பற்றியும் இவ்வாறே. ஆங்கில வினையில் இடத்தையும் எண்ணையும் காட்டும் விகுதி மிகச் சிலவே. ஆதலின், ஆங்கிலத்தின் வழி வரும் மாணவனுக்குப் பிரெஞ்சு வினையீறுகள் பொருளற்ற சுமையாகத் தோன்றும். ‘பேசினேன், பேசினாய், பேசினான்’ என்று பழகிய தமிழனுக்கு அவை திணை பால் எண் இடம் காட்டும் விகுதிகளின் உறவினவே. தமிழில் விகுதி ஒலிக்கின்றது. ஆதலால் எழுவாய் தோன்றாது நிற்கலாம். பிரெஞ்சில் விகுதி பெரும்பாலும் ஒலியாது போயிற்று; ஆதலால் எழுவாய் கட்டாயமாயிற்று. இவ்வொரு வாக்கியத்தை முதல் வாரத்திலேயே கேட்ட மாணவன், எழுத்தில் உள்ள ஈறுகளைப் பழைய ஒலிகளின் தடயமெனக் கண்டு மதிப்பான், நெட்டுருப் பண்ணமாட்டான்.

ஒலிகளைப் பற்றியும் மன்னார்க் கரை ஒரு தீர்ப்பு வழங்கியிருக்கிறது. பிரெஞ்சின் தகரம் நாநுனி பல்லைத் தொடப் பிறப்பது, மூச்சு மிகாதது, தமிழ்த் தகரத்துக்கு அண்மையது. ஆங்கிலத்திலுள்ள அவ்வெழுத்தின் ஒலியோ அண்பல்லிற் பிறப்பது. ஈழத்தமிழர் செவி இவ்விரண்டையும் நன்கு பிரித்தறியும். போர்த்துக்கேய மொழி பிரெஞ்சைப் போன்றே இலத்தீன் வழிவந்தது. அம்மொழியிலிருந்து பெற்ற சொற்களிற் கதிரை, சப்பாத்து, விறாந்தை எனத் தகரமே நிற்கக் காணலாம். ஆங்கிலத்திலிருந்து பெற்ற சொற்களில் ரிக்கற், ரீச்சர், பற்றரி என ரகர றகரங்கள் நிற்கின்றன. எந்த ஆசிரியரும் வகுத்துக் கொடுத்த பிரிவன்று இது. செவி தானே செய்த பகுப்பு. மன்னார்ப் பகுதி நாட்டுக்கூத்துகளுள் ஒன்றாய், பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்து 1964 இல் வெளிவந்த ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’ என்பதன் தலைப்பே இதற்குச் சான்று. பேரரசன் என்னும் பொருளுடைய சொல்லின் ஒலி ‘எம்-ப-ர-தோர்’ எனத் தகரத்தோடு தமிழசை பெற்றுள்ளது. மூக்கொலி பெற்ற முதலுயிரும் வல்லொலி ரகரமும் கொண்ட ‘அன்றீக்கு’ என்னும் பெயர் ‘எண்-டி-றீக்-கு’ என நான்காக அமைந்து, குற்றியலுகரத்தில் முடிகிறது. ஏட்டறிவு அற்றோர் எனப்பட்ட கூத்தர், அயல்மொழி ஒலியைக் கேட்டு, அதனைத் தம் அசைக்குள் அடக்கிக் காட்டினர். அவர்தம் வழித்தோன்றலாகிய மாணவன் ‘ஆ-தில்’ என்று இயல்பாகச் சொல்லக்கூடியவன். அவனை ஆங்கிலத்தின் வழியே திருப்பி ‘ஆ-ரில்’ என்று சொல்லவைப்பதே இன்றைய கல்வியின் சாதனை போலும்.

தடைகள் எழுப்பப்படலாம். தமிழ் யாப்பின் அசை, ஒலிநூலார் கூறும் அசையன்று என்பர். உண்மையே. நிரையசை இரண்டு உயிரொலிகளைக் கொள்ளும். பிரெஞ்சில் ஓருயிருக்கு ஓரசை. எனவே நேர், நிரை என்னும் பகுப்பை அவ்வாறே பெயர்த்து வைத்தல் தவறு. பெயர்க்க வேண்டுவது செவியால் எண்ணும் பயிற்சியையே. சீர் பிரித்து அலகிட்டுப் பழகியவன், எழுத்தைக் கண்டு எண்ணாது ஒலியைக் கேட்டு எண்ணுவான்.

பிரெஞ்சின் ஒலிகள் பல தமிழில் இல்லை என்பது மற்றொரு தடை. இதுவும் உண்மை. தொண்டையில் உரசும் ரகரமும், இதழ் குவித்து முன்னாவில் எழும் உயிரும், சொல்முதலில் வரும் அதிர்வொலிகளும் தமிழ் எழுத்தில் அடங்கா. ‘பேசினேன்’ என்பதற்குப் பிரெஞ்சில் ‘ஜே-பார்-லே’. ‘பேசிக்கொண்டிருந்தேன்’ என்பதற்கு ‘ஜ-பார்-லெ’. அசை இரண்டிலும் மூன்றே; ஈற்றுயிரின் வேறுபாடு மாத்திரையில் இல்லை, வாய்திறப்பில் உள்ளது. இங்கு எகர ஏகாரக் குறி வழிகாட்டுவதாயினும் முழு உண்மையைச் சொல்லாது. இதனாலேயே தமிழெழுத்துக் கைந்நூல்கள் கண்டிக்கப்படுகின்றன. ஆங்கில எழுத்தும் இதனைச் சொல்லாது என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். இல்லாத ஒலியைச் செவியாலும் வாயாலும் பழக வேண்டும். அதற்கு எந்த ஏணியும் இல்லை.

மூன்றாவது தடை, ஆங்கிலம் எவ்வாறாயினும் வேண்டப்படுவதுதானே என்பது. ஆங்கிலம் வேண்டப்படுவது ஒன்று. பிரெஞ்சுக்கு வாயிற்காவலாக ஆங்கிலத்தை நிறுத்துவது வேறொன்று. இலங்கையிற் பிரெஞ்சு பெரும்பாலும் ஆங்கிலத்தின் துணைகொண்டே கற்பிக்கப்படுகிறது. நகரத்து மாணவனுக்கு இதனால் இடரில்லை. தமிழ்வழிக் கல்வி பெற்றுக் கரையோரப் பாடசாலையிலிருந்து வருபவனோ, ஆங்கிலம் அறியாமைக்காகப் பிரெஞ்சில் தோற்கிறான். அத்தோல்வி பின்னர் அவனுடைய மொழித்திறனின்மையாகப் பதிவாகிறது.

பிரெஞ்சுக்காரர் இவ்வாறு செய்தாரில்லை. 1847 இல் இலங்கைக்கு வந்த அமல மரித் தியாகிகள் சபையினர், பிரான்சிலே தோன்றிய சபையினர். 1868 இல் யாழ்ப்பாண மறைமாநிலத்தின் ஆயரான பொஞ்சீன் ஆண்டகை பிரெஞ்சுக்காரர். மடுக் கோயிலின் புதிய கட்டடத்துக்கு 1872 இல் அடியிட்டவரும் அவரே. மன்னார் தனி மறைமாவட்டமானது 1981 இற்றான். அச்சபையினர் மக்களின் பாவசங்கீர்த்தனத்தைத் தமிழிலேயே கேட்க வேண்டியிருந்தது. வினையின் காலமும் இடமும் தவறாமற் கேட்க வேண்டியிருந்தது. அவர்தம் நாட்டவர் புதுச்சேரியில் 1855 தொடக்கம் தமிழ்-பிரெஞ்சுப் பேரகராதியை அச்சிட்டனர். 1903 இல் யூலியன் வென்சோன் பாரிசிலே பிரெஞ்சு மொழியில் தமிழ்க் கைந்நூலொன்றை வெளியிட்டார். தமிழைத் தம் தாய்மொழியின் வழியே கற்றனர். தம் இலக்கணத்தோடு ஒப்பிட்டுக் கற்றனர். தமிழ் மாணவன் பிரெஞ்சைத் தன் மொழியின் வழியே, தன் இலக்கணத்தோடு ஒப்பிட்டுக் கற்பது மட்டும் ஏன் ஏளனத்துக்கு உரியதாயிற்று?

வேண்டப்படுவது பெரிதன்று. பிரெஞ்சு வினைகளை எழுத்தின் வரிசையில் அடுக்காது, ஒலியின் வரிசையில் அடுக்கித் தமிழில் விளக்கும் ஒரு சிறு நூல் வேண்டும். அதில் முதற்கண் ஒலியால் ஒன்றாகும் வடிவங்கள் ஓரிடத்துத் தொகுக்கப்படல் வேண்டும். அடுத்துப் புணர்ச்சியிற் புலப்படும் பன்மைகளும், உயிர் கெடும் இடங்களும், மெய் தோன்றும் இடங்களும் தமிழ்ப் புணர்ச்சி விதிகளோடு நிரலே வைக்கப்படல் வேண்டும். எழுத்து வடிவம் கடைசியிலேயே கற்பிக்கப்படல் வேண்டும். நூலோடு ஒலிப்பதிவும் இணைதல் இன்றைய காலத்தில் அரிதன்று. தமிழ்த்துறையினரும் பிரெஞ்சு கற்பிப்போரும் ஒரு மேசையில் அமர்ந்தால் ஓராண்டில் நிறைவேறக்கூடிய பணி இது.

தமிழ் இலக்கணம் தேர்வுத்தாளில் ஒரு வினாவுக்கு விடையெழுதி மறக்கப்படும் பொருளாகிவிட்டது என்று வருந்துவோர் பலர். அவர்கள் அதனை வேலைக்கு அமர்த்த ஒரு வாயில் இங்கே திறந்திருக்கிறது. குற்றியலுகரத்தையும் உடம்படுமெய்யையும் அறிந்த ஒருவன், அவ்வறிவு கொண்டு அயல்நாட்டு அலுவலகத்தில் ‘அவன்’ என்பதையும் ‘அவர்கள்’ என்பதையும் பிழையறக் கேட்டுப் பிழையறச் சொல்வானாயின், இலக்கணத்துக்கு அதனினும் பெரிய பயன் வேறு யாது?